வெயிலில் காய்ந்த பேட்டரியும் ஐந்து ஆல்பங்களும்

1

"அஞ்சு ஆல்பம் அனுப்பு. அட்டையோட. ஏழு வாரம்தான் இருக்கு. ஜல்தி."

செய்தி வந்தபோது நான் டிராமுக்காக நின்றிருந்தேன். ஜெர்மனியின் மேற்கே, நிலக்கரிச் சுரங்கங்களையெல்லாம் மூடிவிட்டு அதன்மேல் புல் வளர்த்துக்கொண்டிருக்கிற ஒரு நகரம். இங்கே வந்து அந்த வாரத்தோடு இருபத்திரண்டு வருடம் முடிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழை என்றும் சொல்ல முடியாமல், மழை இல்லை என்றும் சொல்ல முடியாமல் ஏதோ ஒன்று தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

அனுப்பியவள் பிலோமினா. முகையூர்க்காரி. திண்டிவனத்தில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தவள். இப்போது சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே அரசுப் பள்ளியில் டீச்சர். அவளுடைய வலது காது சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோதே போய்விட்டது. மிச்சமிருந்த இடது காது பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வருகிறது. நாங்கள் குரலால் பேசிக்கொள்வது நின்று ஆறு வருடம் ஆகிறது. எல்லாம் எழுத்துதான். அவள் திட்டினால்கூட எழுத்தில்தான் திட்டுவாள், அதிலும் அவள் குரல் எனக்குக் கேட்கும்.

ஏழு வாரம் எதற்கு என்று கேட்டேன். டிராமில் ஏறி உட்கார்ந்தேன். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"காதுக்குள்ள கம்பி வெக்கப் போறாங்கடி. இடது பக்கம். வலது பக்கம் நாப்பது வருஷமா தூங்கிக்கினு இருக்கு, அத இனிமே எழுப்ப முடியாதாம். கம்பி வெச்சா பேச்சு கேக்குமாம். ஆனா இப்ப கொஞ்சநஞ்சம் கேக்கறது மொத்தமா பூடும். பாட்டு பாட்டா இருக்காதுன்னு டாக்டரம்மா சொல்லிடிச்சு."

"அப்புறம் எதுக்குடி ஒத்துக்கிட்ட?"

"பசங்க பதில் சொன்னா எனக்குக் கேக்கல வசு. மூஞ்சியப் பாத்து சரி, தப்புன்னு சொல்லிக்கினு இருக்கேன். போன வாரம் ஒரு பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கு. நான் தப்புன்னுட்டேன். அழுதுச்சு. அதுவும் கேக்கல, பாத்தேன்."

பிறகு வந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னால நம்ப பாட்ட ஒரு தபா கேட்டுடணும். அட்டையும் பாக்கணும். நாம எந்த அட்டையும் பாத்ததே இல்ல, இல்ல?"

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

2

நம்ப பாட்டு என்றால் என்ன பாட்டு என்று சொல்லிவிடுகிறேன். ராக், மெட்டல், பங்க். வித்தியாசம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது: கிடாரை இழுத்து வாசித்தால் ராக், அறுத்து வாசித்தால் மெட்டல், வாசிக்கத் தெரியாமலே வாசித்தால் பங்க். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் பெண்கள் விடுதி மொட்டை மாடியில் இந்த மூன்றையும் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால், அந்த மூன்றாவது ஆள் எனக்கு எழுதட்டும்.

பிலோமினாவின் அண்ணன் சவரி புதுச்சேரியில் கடற்கரை ஓரம் ஒரு விருந்தினர் விடுதியில் அறை துடைக்கும் வேலையில் இருந்தார். வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்யும்போது விட்டுப்போகிற கேசட்டுகள் குப்பைக்குப் போகும் வழியில் அவர் பைக்கு வந்துவிடும். அங்கிருந்து தங்கச்சிக்கு. கூடவே ஒரு பழைய டேப் ரெக்கார்டரும், விடுதிக்காரர்கள் தீர்ந்துவிட்டது என்று ஒதுக்கிய டார்ச் பேட்டரிகளும்.

கேசட்டுக்கு டப்பா கிடையாது, அட்டை கிடையாது. மேலே பால்பாயின்ட் பேனாவில் ஏதோ கிறுக்கல், அதுவும் வியர்வையில் கரைந்தது. ஆகவே நாங்களே பெயர் வைத்தோம். மயிலம் போகிற வழியில் கல் உடைக்கிற இடத்தைத் தாண்டும்போது பஸ் ஜன்னலே நடுங்கும், அதே நடுக்கத்தில் தொடங்கும் ஆல்பம் "கிரஷர்". எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவது "ரேஷன் கடை". ஒற்றைக் கிடார் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருப்பது "பல்வலி". நீளநீளமாக ஆர்கன் வாசித்து, பாதியில் கிடார் வந்து அதை உலுக்குகிற ஒன்று இருந்தது. முகையூர் மாதா கோயிலில் பெரிய பூசையின் நடுவே ஆடு புகுந்த மாதிரி இருக்கும் என்பாள். அது "ஆட்டுப் பூசை".

ஐந்தாவது "மாமா". அதைப் பாடியவன் குரல் கனத்து, இழுத்து, கரகரவென்று வரும். குடித்துவிட்டு வந்து, உள்ளேயும் வராமல், போகவும் மாட்டாமல் வாசலில் நின்று அழுகிற தாய்மாமன். வார்த்தை ஒன்றும் புரியாது. புரியாததால் எல்லாத் துக்கத்தையும் அதன்மேல் ஏற்றிக்கொள்ள முடிந்தது. செமஸ்டர் போனாலும் மாமா. வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாலும் மாமா.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். தீர்ந்த பேட்டரியை வெயிலில் போட்டால் கொஞ்சம் உயிர் வரும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு உயிர் என்பதுதான் யாருக்கும் தெரியாது. காலையில் வகுப்புக்குப் போகும்போது நான்கு பேட்டரியையும் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போவோம், வடகம் காயப்போடுகிற மாதிரி. மத்தியானம் வந்து எடுத்தால் கை சுடும். முந்தானையில் பிடித்து உள்ளே போட்டால் அரை மணி நேரம் ஓடும். பிலோமினா இடது காதை ஸ்பீக்கரில் ஒட்டிக்கொண்டு கவிழ்ந்து படுப்பாள். நான் எதிர்ப்பக்கம்.

வார்டன் ஒருமுறை மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு கேட்டார்: "இன்னாடி சத்தம் அங்க?"

"ஸ்போக்கன் இங்கிலீஷ் மிஸ்."

"எந்த நாட்டு இங்கிலீஷ்டி, மாடு கத்தற மாதிரி?"

பதில் சொல்வதற்குள் பேட்டரி இறங்கி மாமா தரையோடு தரையாகப் போய்ப் படுத்துவிட்டார். வார்டனும் இறங்கிப் போய்விட்டார்.

3

ஜெர்மனி வந்து நான்காவது வருடம், ஒரு சனிக்கிழமைச் சந்தை. பழைய நாற்காலி, பழைய கரண்டி, பழைய பல் செட்டுகூட விற்பார்கள். ஒரு கிழவர் இசைத்தட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஏதோ ஓடவிட்டிருந்தார். ஒரு பெண் துரத்திக்கொண்டு ஓடுகிற வேகத்தில் கத்திக்கொண்டிருந்தாள். நான் தாண்டிப் போய்விட்டேன். பத்தடி போனதும் கால் நின்றது. எனக்கு அந்த மெட்டுத் தெரியும். எங்கே அடுத்த அடி விழும் என்று தெரியும். அடுத்த அடி விழுந்தது, ஆனால் நான் நினைத்ததற்கு முன்னாலேயே விழுந்தது.

அது மாமா.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரும்புப் படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மயிலத்தில் மொட்டை போட்டுப் பத்து நாள் ஆன தலை. ஒரு காலில் மட்டும் செருப்பு. சிரிக்கிறாள். துக்கத்தின் சாயல்கூட இல்லை.

எங்கள் பேட்டரிக்குத் தெம்பு இல்லாததால் டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடினால் குரல் கனக்கும். ஏற்கனவே கரகரத்த குரல் இன்னும் இறங்கி ஆண் குரலாகிவிட்டது. ஒருத்தியை இரண்டு வருடம் வெயிலில் காயவைத்து நாங்கள் தாய்மாமன் ஆக்கியிருக்கிறோம். மற்றவையும் அப்படித்தான் என்று பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தபோது தெரிந்தது. "ரேஷன் கடை" உண்மையில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிற பாட்டுகள். நாங்கள் ஒப்பாரி என்று கேட்டது, அவர்கள் குதித்துக் குதித்துப் பாடியது.

பிலோமினாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

அப்போது போன் அட்டை தேய்த்து மாதம் ஒருமுறை பேசுவோம். மூன்று நிமிடத்தில் யார் பிரசவம், யார் சாவு, மல்லாட்டை எப்படி விளைந்தது என்பதற்கே நேரம் சரியாகிவிடும். அதைக் காரணமாகச் சொல்லலாம், ஆனால் முழு உண்மை அது இல்லை. மாமா எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் இருந்த ஆள். நான் சொன்னால் அவர் செத்துவிடுவார் என்று பயந்தேன். பிறகு அவள் காது மங்கத் தொடங்கியது. இனிமேல் சொல்லி என்ன என்று தள்ளிவிட்டேன்.

ஆனால் வாங்கிக்கொண்டே இருந்தேன். இரண்டு அலமாரி நிறைந்தது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரக் கடைசியில் வருவார், அலமாரியைப் பார்த்துவிட்டு "இது என்ன, நூலகமா" என்பார். கேட்பதெல்லாம் ஹெட்போனில்தான். குடிவந்த புதிதில் ஒருநாள் "கிரஷர்" சத்தமாக வைத்தேன். மறுநாள் கதவில் ஒரு சீட்டு, அழகான கையெழுத்து: உங்கள் இசையின் தாழ்ந்த ஒலிகள் எங்கள் அலமாரிக் கண்ணாடிகளை அசைக்கின்றன, அன்புடன் கீழ்வீட்டார். இந்த நாட்டில் மதியத்துக்கு ஒரு அமைதி நேரம், ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் முழுக்க அமைதி. பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போடக்கூட அன்று கூடாது. நான் நன்றாகப் பழகிவிட்டேன். அளவுக்கு மீறியே பழகிவிட்டேன் என்று பின்னால் தெரிந்தது.

மகள் நிலாவுக்குப் பதினேழு. அவளும் ஹெட்போன். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் இரண்டு உலகத்துக்குத் தலையாட்டிக்கொண்டு சாப்பிடுவோம். அவள் கேட்பது காதோடு ரகசியம் சொல்கிற மாதிரியான பாட்டு. ஒருமுறை என்னுடையதை வாங்கிக் கேட்டாள்.

"அம்மா, உன் பாட்டுல எல்லாரும் ஏன் கோபமா இருக்காங்க?"

"கோபம் இல்லடி, வேகம்."

"சரி, வேகமா கோபமா இருக்காங்க."

கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வருடம் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள். அறை தேடுவது, விண்ணப்பம் போடுவது எல்லாம் ஜெர்மனில் நடக்கிறது. எனக்குத் தமிழில் சுருக்கம் மட்டும் வருகிறது.

4

ஐந்து ஆல்பத்தை எடுத்து மேசைமேல் பரப்பினேன். பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப்பிடித்துக் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு என்பீர்கள். நாங்கள் கேட்டது அதுவும் இல்லை.

நான்கு அட்டைகளை அட்டைப்பெட்டியில் வைத்தேன். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். மாமா அட்டையில் மாமா இல்லை. வேறு அட்டை போட்டு அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கமாக இருந்தது. உள்ளே வைத்து ஒட்டினேன்.

தபால் அலுவலகத்தில் சுங்கப் படிவம். உள்ளே என்ன, புதியதா பழையதா, பரிசா விற்பனையா, பேட்டரி உண்டா. பேட்டரிக் கட்டத்தில் "இல்லை" என்று கோடு போடும்போது கை கொஞ்சம் நின்றது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஐந்து இசைத்தட்டுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று கேட்டார். என் தோழிக்குக் காது கேட்காது, இது முக்கியம் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த மொழியில் செவிடுக்கும் புறாவுக்கும் இடையில் ஒரு எழுத்துதான். நான் அந்த எழுத்தைச் சேர்த்துவிட்டேன். என் தோழி ஒரு புறா, ஆகவே கவனமாக அனுப்புங்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அம்மாள் முத்திரையைத் தூக்கியபடியே நின்றார். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்தும் இந்த மொழி என் வாயில் வாடகைக்குத்தான் குடியிருக்கிறது.

பெட்டி போய்ச் சேருமுன் பாட்டுகளை போனில் அனுப்பிவைத்தேன். அவள் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லடி. கிடாரு வந்தாலே மிஷினு கம்முன்னு ஆயிடுது."

விசாரித்தால், அந்தக் கருவிகள் பேச்சைப் பெரிதாக்கி இரைச்சலை அடக்குமாம். கிடார் அலறுவதை அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் வார்டனை இத்தனை சின்னதாகச் செய்து காதில் மாட்டியிருக்கிறார்கள்.

பிலோமினாவின் கணவர் ஆரோக்கியம் முகையூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் அவர் பெட்டிகள்தான். கருவியைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஆள் உயரப் பெட்டி இரண்டை முற்றத்தில் நிறுத்தினார். எனக்கு வீடியோவில் காட்டினார்.

"தங்கச்சி, இதுல வெச்சா கல்லுக்கே காது கேக்கும்."

"மாமா"வைப் போட்டார். பிலோமினா இடது காதைப் பெட்டிக்குக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பாட்டு முடிந்து போய்விட்டது, அது முடிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆரோக்கியம் தோளைத் தொட்டார்.

"பிரியாணி அண்டாவ யாரோ உருட்டிக்கினு போற மாதிரி இருக்கு," என்று போனில் எழுதினாள். "மாமா எங்கடி?"

பெட்டி பதினெட்டு நாள் சுங்கத்தில் உட்கார்ந்திருந்து போய்ச் சேர்ந்தது. ஆபரேஷனுக்கு மூன்று வாரம். அட்டைகளைக் கட்டில்மேல் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டில் எங்கள் பெயரை எழுதி ஒட்டி அனுப்பியிருந்தேன். கிரஷரைப் பார்த்துச் சிரித்தாள். ஆட்டுப் பூசை அட்டையில் உண்மையாகவே ஒரு கோயில் இருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். பிறகு இது வந்தது:

"இது யாரு? மாமாவோட பொண்டாட்டியா?"

எழுதினேன். அழித்தேன். எழுதினேன். "அதுதான் மாமா. பாடினது பொம்பளைடி. பேட்டரி வீக்கு, டேப்பு மெதுவா ஓடிச்சு."

வரிசையாகச் சிரிப்பு முகங்கள் வந்தன. பிறகு, "உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"பதினெட்டு வருஷமா."

எழுதுகிறாள் என்று போன் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கடைசியில் ஒரே வரி.

"அப்ப எனக்குக் காது இருந்துச்சுடி."

அதற்குப் பிறகு நான்கு நாள் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

5

அந்த நான்கு நாளும், நான் வேலை செய்கிற சலவைக்கூடத்தில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடம் முன்னால் ஒரு மூன்று நிமிட அழைப்பில் சொல்லியிருந்தால் அவள் புதுச்சேரி போய் எப்படியாவது தேடி வாங்கியிருப்பாள். அந்தப் பெண்ணின் குரலை அவள் வேகத்திலேயே, அவள் உயரத்திலேயே கேட்டிருப்பாள். மாமா சாகக் கூடாது என்று நான் பொத்திவைத்தது எனக்காகத்தான். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

சலவை இயந்திரம் பிழிந்து முடிக்கும்போது ஒரு சத்தம் வரும். உச்சத்தில் கீச்சென்று கத்திக்கொண்டிருப்பது, விசை நின்றதும் மெல்ல மெல்ல இறங்கி, உறுமலாகி, தரையில் நடுக்கமாகி நிற்கும். தினம் நூறுமுறை கேட்பது. வியாழக்கிழமை கேட்டபோது கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். பிலோமினா முன்பொருநாள் அனுப்பியிருந்த காதுப் பரிசோதனைத் தாளைப் போனில் தேடி எடுத்தேன். அதில் ஒரு கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் மலைச்சரிவு மாதிரி விழுந்துகொண்டே போகும். கீச்சுக் குரலெல்லாம் அவளுக்குப் போய்விட்டது. கனத்த ஒலிகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன.

அவளுக்கு மிச்சமிருக்கிற காதில் அந்தப் பெண் நுழைய முடியாது. மாமா நுழையலாம்.

வீட்டுக்கு வந்ததும், முன்பு போனில் அனுப்பியிருந்த பிரதியைக் கணினியில் ஏற்றி, வேகத்தைக் கீழே இழுத்தேன். போதவில்லை. இன்னும் இழுத்தேன். எவ்வளவு என்று எனக்கு எண் தெரியாது. அவர் வாசலுக்கு வந்து நிற்கிறவரை இழுத்தேன். வந்து நின்றார். கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒருமுறை முழுக்கக் கேட்டேன். ஐந்தையும் அப்படியே இறக்கி ஆரோக்கியத்துக்கு அனுப்பினேன், பிலோமினாவுக்கு அனுப்பத் தைரியம் வரவில்லை.

"அண்ணா, பிலோகிட்ட நான் கேட்டேன்னு சொல்ல வேணாம். சும்மா போடுங்க."

"அது உன் மேல காண்டுல இருக்குது தங்கச்சி."

"தெரியும்ணா."

சனிக்கிழமை, அவர்களுக்கு மத்தியானம். ஆரோக்கியம் போனை ஜன்னலில் சாய்த்துவைத்திருந்தார். முற்றத்தில் அதே இரண்டு பெட்டி. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஆரோக்கியம், யாருப்பா பூட்டது?"

"யாரும் பூடலக்கா. டீச்சரு பாட்டு கேக்குது."

"பாட்டு கேக்கறதுக்கு இத்தாம் பெரிய பொட்டியா?"

பிலோமினா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, மறுபடியுமா என்று கையை விரித்தாள். ஆரோக்கியம் போட்டார்.

எனக்கு இங்கே போனில் சன்னமாகத்தான் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் முதுகை. ஒரு நைட்டியைக் கொடியில் போட்டு இழுத்துவிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. தலை இடப்பக்கம் திரும்பியது. ஈரக் கையோடு வந்தாள். பெட்டியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு உட்காரவும் இல்லை, கவிழ்ந்து படுத்தாள், இடது காதைப் பெட்டியின் அடிப்பாகத்தில் ஒட்டி, உள்ளங்கையைத் துணிமேல் வைத்து. இரண்டாவது பாட்டில் மாமா மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு நொடி நிறுத்துவார். நிறுத்தினார். அவள் விரல் தரையில் ஒன்று தட்டியது. சரியாக அங்கேயே அவர் மறுபடி தொடங்கினார்.

ஆல்பம் முழுக்க ஓடியது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலியிலேயே நின்றிருந்தார். முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "இன்னாப்பா இது, இப்படி அழுவுது?"

பிலோமினா எழுந்து வந்து போனை எடுத்தாள். கன்னத்தில் பெட்டித் துணியின் கட்டம் பதிந்திருந்தது. என்னைப் பார்த்தாள். பேசினாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் குரல், தனக்கே கேட்காததால் மேலும் கீழும் தடுமாறுகிற குரல்.

"வந்துட்டாருடி," என்றாள்.

நான் ஏதோ சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. "அடுத்தது போடச் சொல்லு," என்று ஆரோக்கியத்திடம் போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். கொடியிலிருந்து விழுந்த நைட்டியை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினம் ஒரு ஆல்பம். தெருவே பழகிவிட்டதாம். ஆரோக்கியம் எழுதினார்: "நேத்து ரேஷன் கடை போடலன்னு எதிர்வீட்டுல கேக்கறாங்க."

6

ஆபரேஷன் முடிந்தது. தையல் ஆறக் காத்திருந்தார்கள், பிறகு கம்பியை உயிர்ப்பித்தார்கள். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. எனக்கு வந்த செய்திகள் எல்லாம் வகுப்பறையைப் பற்றியே இருந்தன. பசங்க குரல் எல்லாம் வாத்துக் கூட்டம் மாதிரி இருக்கிறது, ஆனால் எந்த வாத்து என்ன சொல்லுது என்று தெரிகிறது. கடைசி பெஞ்சில் இருந்து தனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல மாட்டேன் என்றாள்.

பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் அழைத்தாள். பேசுகிற அழைப்பு. கட்டடமே அமைதியில் இருந்தது. நிலா அவள் அறையில்.

"உன் குரலு எருமக்கன்னு மாதிரி இருக்குதுடி," என்றாள் எடுத்ததும்.

"எப்பவும் அப்படித்தான். உனக்கு இப்பத்தான் தெரியுது."

"என்னா? மெதுவா பேசறே. கேக்கல."

கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். சிரித்தாள். பிறகு சொன்னாள், எதுவும் நடக்காத மாதிரி, கேப்பைக்கூழ் பொங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரி: "நேத்து நம்ப பாட்டப் போட்டேன். நீ இழுத்து அனுப்பினது இல்ல, மொதல்ல அனுப்பினது. எல்லாம் தகரம்டி. கிடாரு மொறமொறன்னு ஏதோ வறுக்கற மாதிரி. ட்ரம்மு டக்கு டக்குன்னு பல்லி. மாமாவ இழுத்துப் போட்டா அவரும் இல்ல. பூட்டாரு."

போனை நிமிர்த்தி இன்னும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"ஆனா வசு, அந்த மொறமொறப்புக்கு நடுவுல ஒருத்தி கத்தறா. அவ மட்டும் தெளிவா கேக்கறா. டப்பாக்குள்ள மாட்டின கொசு மாதிரிதான், ஆனா அவதான். நாலு தபா கேட்டேன். என்னா சொல்றாடி அவ?"

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்காதது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காதது.

"வாசல்ல நிக்காத, நான் வெளிய போகணும். அவ்வளவுதான். அதையே திருப்பித் திருப்பிச் சொல்றா."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"வாசல்ல நின்னு அழுவறாருன்னு இல்ல நெனச்சோம்." அவள் தலையை இடப்பக்கம் சாய்த்தாள். "அழல. வழி கேக்கறா."

"ஆமா."

"நீ சொல்லு. அவ மாதிரி."

"இப்பவா? ஞாயித்துக்கிழமைடி. இங்க அமைதி நேரம், கீழ்வீட்டுல..."

"என்னா? கேக்கல."

"கீழ்வீட்டுல ஆளுங்க—"

"கேக்கலடி."

பொய் சொல்கிறாளா, உண்மையிலேயே கேட்கவில்லையா என்று அந்தச் சின்னத் திரையில் தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன். அடிவயிற்றில் இருபத்திரண்டு வருடமாக மடித்துவைத்திருந்ததை எடுத்து, தமிழிலேயே, "வாசல்ல நிக்காத, நான் வெளிய போகணும்" என்று கத்தினேன். குரல் பாதியில் உடைந்து கீச்சென்று போனது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டன. நிலாவின் அறைக்கதவு திறந்தது. ஹெட்போன் கழுத்தில் கிடக்க, கண்ணை அகல விரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா? என்ன ஆச்சு?"

கீழ்வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்தது. போனில் பிலோமினா தன் முகத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள். திரை முழுக்க அவள் கண்ணும், காதுக்குப் பின்னால் முடியில் ஒட்டிக்கொண்டிருந்த, உள்ளே இருக்கும் கம்பிக்குச் சத்தம் அனுப்புகிற வட்டச் சில்லும்.

"கேட்டுச்சு," என்றாள். "இன்னொரு தபா."